பழைய இன்ஜினுக்கு ஏற்ற துணைப்பாகம் எது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் கார் என்றாலே நம் மனத்தில் பத்தாண்டுக் கணக்குதான் ஓடும். 1990ஆம் ஆண்டு மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது முதல், காரின் ஆயுளை அந்தச் சான்றிதழை வைத்தே எண்ணிப் பழகிவிட்டோம். இப்படிப்பட்ட ஊரில் எண்பது, தொண்ணூறு வயதான காரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்தத் தீவுக்கும் காருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1896ஆம் ஆண்டிலேயே காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் பென்ஸ் காரை இங்கே இறக்குமதி செய்தது. சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்பவர் ஓட்டிய காருக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் ‘காப்பி மெஷின்’. 1926ல் ஃபோர்டு நிறுவனம் மலாயாவுக்கான தனது கிளையை இங்கே தொடங்கியது. 1941ல் புக்கிட் தீமாவில் அது கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்தக் கட்டடத்தில் 1980 வரை கார்கள் பூட்டப்பட்டன என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

அந்தக் காலத்துக் காரை மீண்டும் உயிர்ப்பிக்க விரும்பும் நண்பர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பொங்கோலில் என் பக்கத்து புளோக்கில் வசிக்கும் இளைஞர் ஒருவர், சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மேக்னெட்டோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். காரோ காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் மூலையில் நிற்கிறது. வீவக வீட்டில் இருப்பவர் ‘வீட்டிலேயே கார் கட்டுகிறேன்’ என்றால் அதற்கு இதுதான் பொருள். காரின் உடம்பு பட்டறையில் இருக்கும்; சின்னச் சின்ன உறுப்புகள் வீட்டுக்கு வந்து போகும்.

அந்தச் சின்ன உறுப்புகளைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. இன்ஜினோடு இணைந்து வேலை செய்யும் துணைப்பாகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எதைப் பழையபடியே வைக்க வேண்டும்? எதில் புதியதைச் சேர்க்கலாம்? இது வெறும் அலங்கார விஷயம் அல்ல. பொருந்தாத ஒரு பெட்ரோல் பம்ப், ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய காரைச் சில நிமிடங்களில் எரித்துவிடும். தவறாக நேரம் வைத்த மேக்னெட்டோ, கைப்பிடியைச் சுழற்றுபவரின் மணிக்கட்டை முறித்துவிடும்.

வீட்டில் பிறந்த கார்கள்

‘விண்டேஜ்’ என்ற சொல்லை எல்லாப் பழைய கார்களுக்கும் நாம் பயன்படுத்துகிறோம். பிரிட்டனில் 1934ல் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930 முடிவதற்குள் கட்டப்பட்ட கார்களையே அப்படிக் குறிப்பிடுகிறது. சிங்கப்பூரின் விதிகளில் அந்த எல்லை 1940. எல்லை எதுவாக இருந்தாலும், வீட்டில் கட்டிய விண்டேஜ் கார் என்று சொன்னதும் உலகமெங்கும் ஆர்வலர்கள் நினைப்பது ஆஸ்டின் செவன் என்ற சிறிய காரைத்தான்.

1922ல் அறிமுகமாகி 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் விற்பனையான மாடல் அது. இன்ஜின் கொள்ளளவு 747 கனசென்டிமீட்டர்தான். நம் சாலைகளில் ஓடும் சில மோட்டார்சைக்கிள்களைவிடச் சிறியது. விலை மலிவு, எடை குறைவு, பிரித்துப் பூட்ட எளிது. அதனால் பழசாகிப்போன ஆஸ்டின் செவனின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் தங்கள் விருப்பப்படி உடலைக் கட்டிக்கொண்டார்கள் இளைஞர்கள். பிற்காலத்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன், 1948ல் கட்டிய தம் முதல் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்துதான் உருவாக்கினார். நியூசிலாந்தின் புருஸ் மெக்லாரன் தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியதும் ஆஸ்டின் செவனில்தான்.

இது வெள்ளைக்காரர்களின் கதை மட்டும் அல்ல. சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ல் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்பார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு (1893-1974), இளம் வயதில் ஒரு மோட்டார்சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை முழுவதும் பிரித்து, மறுபடியும் பூட்டியே இயந்திரம் கற்றவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். 1952ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றையும் அவர் உருவாக்கினார். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரால் இயங்கும் நிறுவனம் நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குத் தமிழகம் செல்லும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். கார்களின் மூடியைத் திறந்து காட்டினால், அங்கே நிதானமாக நின்று பாருங்கள்.

துணைப்பாகம் என்றால் எது?

இன்ஜினின் உள்ளே பிஸ்டன், வால்வு, கிராங்க் ஆகியவை இருக்கின்றன. அவை வேலை செய்ய வெளியிலிருந்து நான்கு உதவிகள் வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் எண்ணெயும், விளக்குக்கும் பேட்டரிக்கும் மின்சாரம். இவற்றைத் தரும் மேக்னெட்டோ, கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், விசிறி, டைனமோ போன்றவற்றையே துணைப்பாகங்கள் என்கிறோம்.

பழைய காரில் முதலில் தொலைந்துபோவதும் இவைதான். காரணம் எளிது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஒரு கார் ஓடாமல் நின்றதும் அதன் கார்புரேட்டர் இன்னொரு காருக்குப் போகும்; டைனமோ பழைய இரும்புக் கடைக்குப் போகும். கனமான இன்ஜின் மட்டும் கொட்டகையில் கிடக்கும். ஆகவே கார் கட்டுபவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் மொட்டை இன்ஜின்தான். அதற்குத் துணை தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பொறி

அக்காலத்துக் கார்கள் பலவற்றில் தீப்பொறியைத் தந்தது மேக்னெட்டோ. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹொனோல்ட் 1902ல் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ, கார் உலகத்தையே மாற்றியது. ஒரு நிரந்தரக் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழல்கிறது. அதில் மின்சாரம் பிறக்கிறது. சரியான நொடியில் பாயிண்ட் விலகும்போது, அந்தச் சிறிய மின்சாரம் இரண்டாவது சுருளில் பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பி, பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. பேட்டரியே தேவையில்லை. அதனால்தான் பேட்டரி செத்துப்போன காரும் கைப்பிடியைச் சுழற்றினால் உயிர்பெறுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்றைய காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் நிற்கும், இன்ஜினும் நிற்கும். மேக்னெட்டோவோ தானே மின்சாரம் தயாரிப்பது. அதை நிறுத்த வேண்டுமானால், அதன் மின்சாரத்தை இன்ஜினின் உலோக உடலுக்குத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் சுவிட்சைப் போட்டாலும் இன்ஜின் நிற்காது. வயரிங் செய்யும் புதியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மேக்னெட்டோ வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, சுழலும் திசை. கடிகாரத் திசையா, எதிர்த்திசையா என்பதை உடலில் உள்ள அம்புக்குறி காட்டும். இரண்டாவது, சிலிண்டர் எண்ணிக்கை. மூன்றாவது, உள்ளே இருக்கும் சுருளின் நிலை. அக்காலத்தில் சுருளுக்குக் காப்பாகப் பூசியது அரக்கு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அது இளகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினில் நன்றாகப் பொறி வரும். அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் சுருளும் கண்டென்சரும்தான். சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரை மாற்றி, தளர்ந்த காந்தத்துக்கு மீண்டும் காந்தமேற்றினால் அது பல்லாண்டு உழைக்கும். வெளியே பார்த்தால் பழைய மேக்னெட்டோ, உள்ளே புதிய காப்பு. இதில் பொய் ஒன்றுமில்லை.

ஆஸ்டின் செவன்கூட 1928 வாக்கில் மேக்னெட்டோவை விட்டு, பேட்டரியும் காயிலும் கொண்ட முறைக்கு மாறியது. ஆகவே உங்கள் இன்ஜின் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் மேக்னெட்டோ வாங்கினால், பொருத்த இடமே இருக்காது. தீப்பொறியின் நேரத்தை முன்னும் பின்னும் தள்ள, அக்கால ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் அருகே ஒரு சிறிய நெம்புகோல் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றும்போது நேரத்தைப் பின்னுக்குத் தள்ளியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் வெடித்து, கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். முன்பு சொன்னேனே மணிக்கட்டு முறிவு, அது இப்படித்தான் நேர்கிறது.

மூச்சு

அடுத்தது கார்புரேட்டர். காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கருவி. ஜெனித், சோலெக்ஸ், எஸ்.யூ. ஆகிய பெயர்களைப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் சொல்வார்கள். எஸ்.யூ. கார்புரேட்டரை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தினர் காலணி வணிகம் செய்தவர்கள். அதனால்தானோ என்னவோ, அவர்களின் ஆரம்பகாலக் கார்புரேட்டரில் ஒரு தோல் துருத்தி இருந்தது! பின்னர் அது உலோக பிஸ்டனாக மாறியது. இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டன் மேலே எழும். அதோடு சேர்ந்து ஒரு கூம்பு ஊசியும் எழும். ஊசி எழும் அளவுக்குப் பெட்ரோல் வரும். எந்த இன்ஜினுக்கு எந்த ஊசி என்பதற்கு எழுத்துக் குறியீடுகள் உண்டு. கார்புரேட்டர் சரியாக இருந்து ஊசி தவறாக இருந்தால், கறுப்புப் புகை வரும் அல்லது இன்ஜின் சூடேறும்.

இங்கேதான் ஆசை நம்மை இழுக்கும். பளபளவென்று இரட்டைக் கார்புரேட்டர் ஒரு பழைய பொருள் விற்பனையில் கிடைக்கிறது. பந்தயக் கார்போல அழகாக இருக்கிறது. வாங்கிப் பூட்டினால் என்ன? ஆஸ்டின் செவனின் கிராங்க், பெரும்பாலான ஆண்டுகளில் முன்னும் பின்னும் இரண்டே பேரிங்குகளில் நின்றது. வேகமாகச் சுழன்றால் அது நடுவில் வளையும். அதிக மூச்சு கொடுத்தால் இன்ஜின் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் ஒருநாள் கிராங்க் முறியும். அக்காலப் பந்தய மாடல்களுக்கு நிறுவனமே தனியாக வலுவான கிராங்கைச் செய்தது. அந்தக் கிராங்க் இல்லாமல் கார்புரேட்டரை மட்டும் எடுத்துக்கொள்வது, விரலுக்கு மீறிய வீக்கம்.

ஆகவே அந்தக் காலத்துப் பொருள் என்பதாலேயே ஒன்று பொருந்திவிடாது. அந்த ஆண்டின் அதே இன்ஜின் தாங்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வரும் வழி

உயிருக்கே ஆபத்தான பகுதி இது. பல ஆரம்பகாலக் கார்களில் பெட்ரோல் பம்ப்பே கிடையாது. இன்ஜினைவிட உயரத்தில் தொட்டி இருக்கும். பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். தொட்டி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கார்புரேட்டருக்கு வரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அளவுதான். அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் கார்புரேட்டரின் மிதவையும் அடைப்பு ஊசியும் செய்யப்பட்டன.

தொட்டியைக் காரின் பின்புறம் வைத்துக் கட்டுபவருக்குப் பம்ப் தேவைப்படும். அக்காலத்து எஸ்.யூ. மின்பம்ப் தந்த அழுத்தம் ஒன்று, ஒன்றரை பவுண்டு. இன்றைய ஊசிமுறை எரிபொருள் காருக்கான பம்ப் தருவது 40 பவுண்டுக்கும் மேல். அதைப் பழைய கார்புரேட்டரோடு இணைத்தால் அடைப்பு ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். பக்கவாட்டு வால்வு இன்ஜின்கள் பலவற்றில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கும். பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அழுத்தத்தை.

இன்றைய பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் அல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது 1923ல் அமெரிக்காவில் தொடங்கியது. சிங்கப்பூரில் 1998லும், இந்தியாவில் 2000லும் முடிவுக்கு வந்தது. ‘ஈயமில்லாத பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமே’ என்று பலரும் அஞ்சுகிறார்கள். 1920களின் குறைந்த அழுத்த இன்ஜின்கள் பல, ஈயம் பரவலாகாத காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு அந்த அச்சம் பெரிதும் தேவையில்லை. அஞ்ச வேண்டியது எத்தனாலுக்கு. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் பரவலாகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாயை இளக்கும். தக்கையால் ஆன மிதவையின்மேல் பூசிய அரக்கையும் கரைக்கும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பழைய கார் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் இதைத் தவறாமல் சொல்லுங்கள். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயைப் போட வேண்டும். அது வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை.

தண்ணீரும் எண்ணெயும்

ஆஸ்டின் செவனில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே எழுந்து ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கே குளிர்ந்து, கனம்கூடி, கீழே இறங்கி மறுபடியும் இன்ஜினுக்குள் வரும். அடுப்பில் வைத்த பானையில் நடப்பதுதான். இது ஒழுங்காக நடக்க வேண்டுமானால் ரேடியேட்டரின் மேற்குழாய் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே சுண்ணாம்பும் துருவும் அடைத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்தின் குளிருக்கு இது போதும். 32 டிகிரி வெயிலில், சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் சிக்கினால் தண்ணீர் கொதிக்கும். உடனே நம் மனம், ‘ஒரு மின்விசிறியை மறைவாக வைத்துவிட்டால்?’ என்று கேட்கும். வைக்கலாம். ஆனால் அந்த விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? அக்கால 6 வோல்ட் டைனமோ தருவது 8 ஆம்பியர் அளவுதான். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 50 வாட். ஒரு பழைய குண்டு பல்புக்குப் போதுமான மின்சாரம்! விளக்கும் விசிறியும் சேர்ந்தால் பேட்டரி காலியாகும். சரி, 12 வோல்ட்டுக்கு மாறலாம் என்றால், விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர், மின்காயில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்த கார்களில் இணைப்பின் திசையையும் கவனிக்க வேண்டும். ஒரு விசிறியில் தொடங்கியது காரின் மொத்த மின்சார அமைப்பையும் மாற்றுவதில் போய் முடியும்.

பழைய காரில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். ஆகவே புதிய பாகம் சேர்ப்பதற்குமுன், இருப்பதைச் சுத்தமாக்குங்கள். ரேடியேட்டரைக் கழுவி அடைப்பெடுத்து, தீப்பொறி நேரத்தைச் சரிசெய்து, விசிறிப் பட்டையை இறுக்கினாலே பாதிச் சூடு குறையும். மீதிக்கு நல்ல வழி, நெரிசல் நேரத்தில் வெளியே எடுக்காமல் இருப்பதுதான்.

எண்ணெயிலும் இதே கதை. ஆஸ்டின் செவன் இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் மிகக் குறைவு. சிறிய துளைகளிலிருந்து பீய்ச்சும் எண்ணெயைக் கிராங்க் ஏந்திக்கொள்ளும். இதில் நவீன எண்ணெய் வடிகட்டியை யோசிக்காமல் இடையே பொருத்தினால், இருக்கும் கொஞ்ச அழுத்தமும் குறைந்துவிடும். வடிகட்டிக்குப் பதிலாக எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே அக்கால முறை. பல ஆண்டு கசடு படிந்த இன்ஜினில் அழுக்கைக் கரைக்கும் இன்றைய எண்ணெயைத் திடீரென்று ஊற்றினால், கசடு பெயர்ந்து அந்தச் சிறு துளைகளை அடைத்துவிடும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள்.

எதை மாற்றலாம், எதைக் கூடாது?

அரங்கில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் எழுந்து கேட்டார்: “தம்பி, டைனமோ மாதிரியே உருவம் செய்து, உள்ளே ஆல்டர்னேட்டர் வைத்து விற்கிறார்களே. அதைப் போட்டால் ஏமாற்று வேலை ஆகாதா?”

நல்ல கேள்வி, அண்ணே. என் கருத்து இது. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் ஏமாற்று ஆகாது. அதை மறைத்து, ‘எல்லாம் அசல்’ என்று சொல்லி இன்னொருவரிடம் விற்றால்தான் ஏமாற்று. இதற்கு நான் மூன்று வரிசை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதல் வரிசையில் தீ, தடை, மின்கசிவு தொடர்பானவை. பெட்ரோல் குழாய், வயர்களின் காப்பு, ஃபியூஸ், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், பெட்ரோலை அடைக்கும் குழாய்த் திருகு. இவற்றில் காலத்தைப் பார்க்காதீர்கள். தரத்தை மட்டும் பாருங்கள். கூடவே ஒரு தீயணைப்பான் கட்டாயம்.

இரண்டாம் வரிசையில் கண்ணுக்குத் தெரியாத உட்பாகங்கள். மேக்னெட்டோவின் சுருள், கண்டென்சர், பம்ப்பின் சவ்வு, பேரிங், காஸ்கெட். வெளித்தோற்றமும் வேலை செய்யும் முறையும் மாறாதவரை இவற்றைப் புதிதாக்கலாம்.

மூன்றாம் வரிசையில் இன்ஜினின் அடையாளம். மேக்னெட்டோவா மின்காயிலா, ஒற்றைக் கார்புரேட்டரா இரட்டையா, பம்ப்பா உயரத் தொட்டியா, டைனமோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பவை. இவற்றைக் கூடியவரை மாற்றாதீர்கள். அக்காலப் பொறியாளர் எந்தச் சிக்கலுக்கு எந்த விடை கண்டார் என்பதைச் சொல்வது இவைதான். மாற்றியே ஆக வேண்டுமானால், பழையதை மீண்டும் பூட்டும்படி வைத்து மாற்றுங்கள். இன்ஜினில் புதிதாகத் துளை போடாதீர்கள். கழற்றிய பாகத்தைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். ஆல்டர்னேட்டர் வைத்த டைனமோ இந்த வகையில் சேரும். போடுவதானால் பழைய டைனமோவைத் தூக்கி எறியக் கூடாது.

இந்த மூன்றுக்கும் மேலாக ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தத் தேதியில், எந்தப் பாகம், எங்கிருந்து, ஏன் மாற்றப்பட்டது என்று எழுதி, கழற்றுமுன் ஒரு படமும் எடுத்து ஒட்டுங்கள். நாளை உங்கள் மகளோ வேறொருவரோ அந்தக் காரைத் தொடும்போது, அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் எது 1929, எது நீங்கள் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அழகான, ஆனால் நம்ப முடியாத ஒரு பொருளாக அது நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் பழைய வாகனங்களுக்குத் தனித் திட்டங்களை வைத்திருக்கிறது. 1940 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் தயாரானவை ஒரு வகை. குறைந்தது 35 ஆண்டு நிறைந்த ‘கிளாசிக்’ வாகனங்கள் இன்னொரு வகை. இரண்டிலும் ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஆகவே இது அன்றாடம் வேலைக்குப் போகும் கார் அல்ல என்பதை மனத்தில் வையுங்கள். பழைய அடிச்சட்டத்தில் புதிய உடல் கட்டினால் அது எந்த ஆண்டுக் காராகக் கொள்ளப்படும் என்பதைக் கட்டி முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை. அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் வாங்குமுன்பே, எண்களையும் ஆவணங்களையும் கொண்டு ஆணையத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இந்தியாவில் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். அடிச்சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் காத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், அது 10 ஆண்டுக்குச் செல்லும் என்றும் விதி சொல்கிறது. ‘மூல வடிவம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவாவது உங்கள் நோட்டுப் புத்தகம் தேவைப்படும்.

பாகம் கிடைக்கும், கை கிடைக்குமா?

ஒரு காலத்தில் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால், பழைய உதிரிபாகக் கடைகளின் எண்ணெய் வாசமே வழிகாட்டும். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் தரையில் விரித்த துணியில் கார்புரேட்டரும் கடிகாரமும் அருகருகே கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இன்று பழைய மேக்னெட்டோவை இணையத்தில் தேடி இங்கிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரவழைக்கலாம். பணம் இருந்தால் பாகம் கிடைத்துவிடும்.

கிடைக்காதது, காதால் கேட்டே பாயிண்ட் இடைவெளி தவறென்று சொல்லும் அனுபவம். கையைக் குழாய்மேல் வைத்தே தண்ணீர் ஓட்டம் தெரிந்துகொள்ளும் பழக்கம். இந்த அறிவு உள்ள பெரியவர்கள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். துறைமுகத்திலும், பேருந்துப் பணிமனையிலும், சின் மிங், ஊபி பட்டறைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற தாத்தாக்களும் மாமாக்களும் அவர்கள். கணினி சொல்லும் குறியீட்டைப் படித்துப் பழுது பார்க்கும் இன்றைய இளைஞருக்கு, அவர்களுடைய முறை வேறொரு மொழி. அந்த மொழி எழுதி வைக்கப்படவில்லை.

மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் படித்தவன் நான். ஸ்பேனர் பிடித்துப் பழகியவன் அல்ல. ஆனால் கேள்வி கேட்பதும் பதிவு செய்வதும் என் தொழில். அந்தத் தொழிலை நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம். உங்கள் வீட்டில் மெக்கானிக்காக இருந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரயிறுதியில் அவர் பக்கத்தில் அமருங்கள். கைப்பேசியின் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, “தாத்தா, மேக்னெட்டோவுக்கு எப்படி நேரம் வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கார் கட்டும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளக்கும் பாகத்தைத் தேடும்முன், உங்கள் இன்ஜினின் எண்ணையும் ஆண்டையும் கண்டுபிடியுங்கள். அந்த ஆண்டில் அந்த இன்ஜினோடு வந்த துணைப்பாகங்களின் பட்டியலை எழுதுங்கள். அதன் பிறகு பணப்பையைத் திறங்கள். பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முதல் முறை இன்ஜினை இயக்கும்போது தனியாக நிற்காதீர்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.